பின் கண்ணாடியில் பூச்சிகள்

அத்தியாயம் ஐந்து

பயணப்படி விவகாரத்துக்காக அதுவரை யாரும் சர்வேயரைத் தேடி வந்ததில்லை. தானாகத் தீப்பிடித்துக்கொண்ட கிடங்குகள், கூட்டாளியின் கையெழுத்தைக் கூட்டாளியைவிட அழகாகப் போடுகிறவர்கள், செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வேறு ஊரில் தாடி வளர்க்கிறவர்கள், இவைதான் அவரிடம் வரும். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது அவருடைய பழைய வேலை. அதை விட்டு வருடங்களாகியும் பட்டப்பெயர் அவரை விடவில்லை.

கூட வருகிறவனுக்கு ரேடியோ என்று பெயர். சர்வேயரின் மனைவியுடைய தம்பி. காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் படுக்கும்வரை ஓயாது. அக்கா இறந்துபோன பிறகு அத்தானின் வீட்டில் வந்து தங்கியவன், திரும்பிப் போகவேயில்லை. அத்தானும் போகச் சொல்லவில்லை. ஒருவேளை அவன் வந்ததையே அவர் கவனிக்கவில்லையோ என்று அவனுக்குச் சில சமயம் தோன்றும்.

"ஒரு கார் நிஜமாவே ஓடுச்சான்னு தெரியணும் சார்," என்றாள் மனிதவள மேலாளர். பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒப்பந்தப் பேருந்து விடும் கம்பெனி அது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு மரப்பலகை. வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பேருந்தின் சாவி. ஒரு கொக்கி மட்டும் காலி. அந்தச் சாவி மேசைமேல் அவள் கைக்கருகில் கிடந்தது.

"புதுசா சேர்ந்த டிரைவர் ஒருத்தர். மின்சார பஸ் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினோம். நாங்களே விமான டிக்கெட் எடுத்துத் தருவோம். வேண்டாம், என் கார்லயே போறேன்னா கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கொடுப்போம். விமானக் கட்டணத்தைத் தாண்டாது. ஒரே ஒரு நிபந்தனை, ஓட்டுறது அவராவே இருக்கணும். இவர் கார்லதான் போறேன்னார். பயிற்சியில முதல் மார்க்கும் இவர்தான்."

"பெட்ரோல் பில், சுங்கச்சாவடிச் சீட்டு?" என்றான் ரேடியோ.

"கேக்கிறதில்ல. மேப்ல தூரம் பார்த்துக் கொடுத்துடுவோம்."

"இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் நிலாவுக்கே கார்ல போய்ட்டு வந்திருப்பேன் மேடம்."

அவள் சிரிக்கவில்லை. சர்வேயரும் சிரிக்கவில்லை. ரேடியோவுக்கு இது பழக்கம்தான்.

"அவர் திரும்பி வந்த அன்னைக்குக் காலைல, நான் கைப்பையக்கூட வைக்கல, மேசை போன் அடிச்சுது. 'அந்த டிரைவர் பயணப்படி கேட்டு எழுதுவான், கொடுக்காதீங்க, அவன் அந்தக் கார ஓட்டவே இல்ல.' அவ்வளவுதான். வெச்சுட்டாங்க."

"ஆம்பளையா?"

"ஆம்பளைதான். தொண்டை கட்டின குரல். பின்னாடி ஒரே வண்டி இரைச்சல். அடுத்த நாளே அந்த டிரைவர் பயணப்படி எழுதிக் கொடுத்தார்."

"எந்த நம்பர்லேர்ந்து?"

"இந்த போன்ல நம்பர் தெரியாது சார். இந்தக் கட்டடத்தைவிட இதுக்கு வயசு ஜாஸ்தி."

"இந்த நம்பர் யார் யார்கிட்ட இருக்கு?"

"பயிற்சிக்குப் போறவங்களுக்குக் கொடுப்போம். வழியில அவசரம்னா கூப்பிட."

சர்வேயர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மௌனத்தில் மற்றவர்கள் நெளிவார்கள். மேலாளரும் நெளிந்தாள்.

"மேடம், சொன்னா தப்பா நினைக்காதீங்க," என்றான் ரேடியோ. "எங்க ஃபீஸ் அந்தப் பயணப்படியைவிட ஜாஸ்தி."

"தெரியும்." அவள் சாவியைத் தொட்டாள். "திங்கக்கிழமை காலைல இது அவர் கைக்குப் போகணும். நாப்பது பிள்ளைங்க ஏறுற பஸ். காசு போனா போகுது. பொய் சொல்ற ஆள்கிட்ட இதைக் கொடுக்க முடியாது. அதே சமயம், யாரோ முகம் தெரியாத ஆள் சொன்னான்னு வெளிய அனுப்பவும் மனசு வரல. அவரோட பழைய கம்பெனி மூடி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வீட்ல வேற வருமானம் இல்ல. இங்க வேலை போச்சுன்னா காரணம் எழுதித்தான் அனுப்புவோம். அந்தக் காரணத்தோட வேற எங்கயும் சாவி தர மாட்டாங்க."

"இன்னைக்குச் சனிக்கிழமை," என்றார் சர்வேயர். அதுதான் அவர் ஒப்புக்கொள்ளும் விதம்.

*

ரேடியோ காரை ஓட்டினான். சர்வேயர் பின் சீட்டில். மனைவி போன நாளிலிருந்து அவர் வண்டி ஓட்டுவதில்லை, முன் சீட்டிலும் உட்காருவதில்லை. அந்த முன் சீட், குட்டையான ஒருத்தி கால் நீட்டாமல் உட்கார வசதியாக முன்னால் இழுத்து வைத்தது வைத்தபடியே நின்றது. அதை நகர்த்தலாமா என்று ரேடியோ கேட்டதில்லை.

"சிக்னல்ல நிக்கிறப்பல்லாம் பக்கத்து வண்டிக்காரன் என்னைய டாக்ஸி டிரைவர்னு நினைக்கிறான் அத்தான். நேத்து ஒருத்தன் ஸ்டேஷன் வருமான்னே கேட்டுட்டான்."

சர்வேயர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கூடப் பயிற்சிக்கு வந்த ஒருத்தன் முதல் மார்க் வாங்கினா நான் என்ன பண்ணுவேன்? போன் போட்டு வத்தி வைப்பேன். நம்பர் வேற கைவசம் இருக்கு. இவருதான் முதல் மார்க்குன்னு மேடம் சொன்னாங்கல்ல? அம்புட்டுதான் கேஸ்."



டிரைவரின் வீடு நான்கு மாடிக் குடியிருப்பில் முதல் மாடி. ஐம்பதைத் தொடப்போகும் மனிதர். சவரம் செய்த முகம், தேய்த்த சட்டை, விடுமுறை நாளிலும் முழுக்கை பட்டன் போட்டிருந்தார். வந்த காரியத்தைச் சர்வேயர் ஒளிக்காமல் சொன்னார். டிரைவர் கோபப்படவில்லை. யார் புகார் சொன்னது என்றும் கேட்கவில்லை.

"உட்காருங்க," என்றார். உள்ளே போய்த் தானே டீ கொண்டுவந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர், தட்டு இல்லாமல், ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் முழுசாகப் பற்றியபடி. ரேடியோ ஒன்றை வாங்கினான், கை மாற்றினான், மறுபடி கை மாற்றினான், கடைசியில் தரையில் வைத்துவிட்டு விரல்களை ஊதிக்கொண்டான்.

"அண்ணே, இது அடுப்புலேர்ந்து நேரா வருதா, இல்ல எரிமலையிலேர்ந்தா?"

"சூடாவா இருக்கு?" என்றார் டிரைவர். அடுத்த டம்ளர் இன்னும் அவர் உள்ளங்கையில்தான் இருந்தது.

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். சர்வேயர் அவளைப் பார்த்தார்.

கார் கீழே தூண்களுக்கு நடுவே, துணி உறைக்குள் இருந்தது. பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் சின்னக் கார். உறையை டிரைவரே உருவினார்.

"வந்ததுலேர்ந்து கை வைக்கல சார். கழுவக்கூட இல்ல. எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கு. பாருங்க."

சொல்லிவிட்டு அவர் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். ஓட்டுநர் கதவுப் பக்கம் வரவேயில்லை.

சர்வேயர் காரைச் சுற்றினார். முன் விளக்குகளின் கண்ணாடியில் விரலை ஓட்டிப் பார்த்தார். தூசி. முன் நம்பர் பலகையைக் குனிந்து பார்த்தார். தூசி. முன் கண்ணாடியிலும் அதுவேதான். பின்பக்கம் போனார். அங்கே நின்றவர் நின்றபடியே இருந்தார். மேல் மாடியில் யாரோ துணி உதறினார்கள். ரேடியோ ஒரு பாட்டை முனகி முடித்தான். அவர் நகரவில்லை.

"ராத்திரியும் ஓட்டினீங்களா?" என்று கடைசியில் கேட்டார்.

"ராத்திரியும்தான் சார்."

"வழியில மழை?"

"ஒரு பொட்டு இல்ல."

"நன்றி," என்றார் சர்வேயர். டிரைவர் இன்னும் ஏதோ கேட்பார் என்று எதிர்பார்த்ததுபோல் ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு உறையைப் போர்த்தப் போனார்.

*

"முன்னாடி என்ன பார்த்தே?" வண்டி தெருமுனை திரும்பியதும் சர்வேயர் கேட்டார்.

"தூசி."

"பின்னாடி?"

"தூசி. அப்புறம் பூச்சி."

"எவ்வளவு?"

"ஒரு மாநாடே நடத்திட்டு அங்கயே செத்துக் கிடக்குதுங்க. கண்ணாடி முழுக்க, பின் விளக்கு மேலல்லாம் றெக்கை. அதுக்கென்ன?"

"பூச்சி கார் பின்னாடி துரத்திக்கிட்டு வந்து மோதாது. கார்தான் போய்ப் பூச்சி மேல மோதும்."

ரேடியோ வண்டியை ஓரங்கட்டினான். யோசிக்கும்போது அவனால் ஓட்ட முடியாது.

"அப்படின்னா, அந்த மனுஷன் அவ்வளவு தூரமும் ரிவர்ஸ் கியர்லயா போனாரு? அப்ப பயணப்படிய அவருதான் கம்பெனிக்குத் திருப்பித் தரணும்."

"கார் முதுகைக் காட்டிக்கிட்டுப் போயிருக்கு. அதோட சக்கரம் சுத்தல."

ரேடியோ மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"கார் ஏத்துற லாரி."

"ம்."

"லாரி மேல ஏறி உக்காந்து போன காருக்குப் பயணப்படி. நல்லாருக்கு. கேஸ் முடிஞ்சுது அத்தான். மேடத்துக்கு போன் போடவா? மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"இருபது வருஷம் பஸ் ஓட்டின ஆள். கார் வந்து நாலு நாளாச்சு. கண்ணாடியத் துடைக்கல. துடைக்கலன்னு நம்மகிட்ட சொல்லவும் செஞ்சார்."

"சோம்பேறி."

"முழுக்கைச் சட்டையத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கிற ஆள் சோம்பேறியா?"

ரேடியோ மறுபடி கியரைப் போட்டான்.

"போன் பண்ணினது யாருன்னு இன்னும் தெரியல," என்றார் சர்வேயர். "லாரியக் கண்டுபிடி."

கார் ஏற்றும் லாரிகள் நிற்கும் இடம் ஊருக்கு வெளியே இரண்டு இருந்தன. முதலாவதில் ஒரு நாய் மட்டும் இருந்தது. அது ரேடியோவைவிட அதிகம் பேசியது. இரண்டாவதில் இரண்டு தட்டு லாரி ஒன்றின் ஓட்டுநர் ஏணியில் ஏறி நின்று கேபின் கண்ணாடியைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். பருத்த மனிதர், தோளில் துண்டு. ரேடியோ காரின் நிறத்தையும் அளவையும் சொன்னதும் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன், அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல," என்றார் சர்வேயர். "நீங்கதான் ஏத்துனீங்களா?"

"போக, வர ரெண்டு தடவையும் நான்தான். கேபின் மேல இருக்கே அந்த இடம். அங்க வர்ற கார எப்பவும் பின்பக்கமாத்தான் ஏத்துவோம். நேரா ஏத்துனா மூக்கு போய் இடிக்கும். எதிர்க்காத்துல வர்ற பூச்சியெல்லாம் அது முதுகுலதான் சேரும், பாவம்."

"ஊர்லயே வந்து பேசினாரா?"

"இல்லீங்க. முதல் சுங்கச்சாவடி இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல சாப்பிட வண்டிய நிறுத்தினேன். அந்தக் கார் ஓரமா நின்னுச்சு, இவர் உள்ள ஸ்டியரிங்கப் பிடிச்சபடி. நான் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சேன், அப்பவும் அதே மாதிரி உக்காந்திருக்காரு. எஞ்சின் ஓடுது. என்ன அண்ணே ரிப்பேரான்னு கேட்டேன். ஆமான்னாரு. காருக்கா அவருக்கான்னு எனக்குச் சந்தேகம்தான். மேல இடம் காலியா இருந்துச்சு. ஏத்திக்கிட்டேன்."

"அவர் எதுல வந்தார்?"

"என் பக்கத்துலதான். பேச்சுத் துணைக்கு ஆச்சுன்னு நினைச்சேன். எங்க. போற வழி பூரா பத்து வார்த்தை பேசினா அதிகம். ரெண்டு கையையும் முழங்கால்ல வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே வந்தாரு. எதிர்ல வண்டி வந்தா மட்டும், அவர் பக்கத்துல இல்லாத பிரேக்க ஓங்கி மிதிப்பாரு."

"அத்தானுக்கு ஏத்த ஆளு," என்றான் ரேடியோ. "ரெண்டு பேரையும் ஒரு வண்டியில ஏத்திவிட்டா டயர் பேசுறது கேட்கும்."

சர்வேயர் அதைக் காதில் வாங்கவில்லை. "வர்றப்போ காலைல எங்கயாவது நிறுத்தினீங்களா?"

"ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடி டீக்கு நிறுத்தினேன். அப்பதான் ஒரு நாலு வார்த்தை பேசினாரு. ஆபீசுக்கு ஒரு போன் பண்ணணும், தன் போன்ல சார்ஜ் இல்லன்னு என் போன வாங்கிக்கிட்டுத் தள்ளிப் போனாரு. தெரிஞ்சவர் வீட்டுச் சாவுக்குப் போய்ட்டு வந்தவர் மாதிரி திரும்பி வந்தாரு."

"அந்த நம்பர் இன்னும் இருக்கா?"

"இருக்கும். வீட்டுக்காரிய விட்டா நான் யாருக்குங்க போன் பண்றேன்?" அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வரிசையாக ஒரே பெயர். நடுவில் ஒரே ஒரு வெறும் எண். "இதான்."

ரேடியோ வாங்கி அழுத்தினான். ஒலிபெருக்கியைப் போட்டான். மணி அடித்தது.

"மனிதவளப் பிரிவு," என்றது காலையில் கேட்ட குரல். "சொல்லுங்க. ஹலோ, யாரு பேசுறது?"

சர்வேயர் கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தார்.

லாரிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரேடியோ வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"தன் பேர்ல தானே மொட்டைக் கடுதாசி போட்ட ஆள இப்பதான் பார்க்கிறேன் அத்தான்."

சர்வேயர் கேபின் கண்ணாடியைப் பார்த்தார். பாதி கழுவியிருந்தது. மீதிப் பாதியில் றெக்கைகள் ஒட்டியிருந்தன.

"அந்தப் பின் கண்ணாடி நமக்காக விட்டு வெச்சது," என்றார்.

*

டிரைவர் கீழேதான் இருந்தார். காருக்கு எதிரே, தண்ணீர்த் தொட்டித் திண்டில். உறை மறுபடி உருவப்பட்டுத் தரையில் கிடந்தது. அவர்கள் வருவதைப் பார்த்து எழுந்து நின்றார்.

"பூச்சி பின்பக்கம் இருக்கு," என்றார் சர்வேயர்.

"காலையிலயே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன் சார். நன்றி சொல்லிட்டுக் கிளம்பிட்டீங்க. அப்புறம் எனக்கு மாடி ஏறவே முடியல."

"லாரிக்காரரோட போன்லேர்ந்து நீங்க பேசின நம்பருக்கு அடிச்சுப் பார்த்துட்டோம் அண்ணே," என்றான் ரேடியோ. கேலி இல்லாமல் சொன்னான். "எதுக்கு இதெல்லாம்? விமானத்துலயே போயிருக்கலாமே. யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க."

"அதுக்காகத்தான் போகல. இந்தத் தூரத்த ஓட்டிட்டேன்னா பஸ்ஸையும் ஓட்டிடுவேன்னு நினைச்சேன். முதல் சுங்கச்சாவடி தாண்ட முடியல."

"பயணப்படி எதுக்கு எழுதினீங்க?"

"எழுதலன்னா ஏன் எழுதலன்னு கேப்பாங்க. எழுதினா பொய். லாரியில வர்றப்போ அதையேதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். எழுதத்தான் போறேன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. அதான் அதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டேன்."

சர்வேயர் திண்டில் உட்கார்ந்தார். டிரைவரும் உட்கார்ந்தார். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, இருவரும் காரைப் பார்த்தபடி இருந்தார்கள். ரேடியோ தூணில் சாய்ந்தான். பேச வேண்டும் என்று நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டான்.

பிறகு டிரைவர் பேசினார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது.

"பழைய கம்பெனி மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி சார். முழு பஸ். ஒரு நொடி கண்ணு மூடிடுச்சு. முழிச்சா பஸ் எதிர்ப்பக்கத்து ரோட்டுல ஓடிட்டிருக்கு. எதிர்ல ஒரு வண்டியும் வரல. மெதுவாத் திருப்பி என் பக்கம் கொண்டுவந்துட்டேன். கண்ணாடியில பார்த்தேன், உள்ள எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க. இறங்கறப்போ ஒரு அம்மா, 'நல்லா ஓட்டினீங்க தம்பி, குலுங்கவே இல்ல'ன்னாங்க."

அவர் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார்.

"யாருக்காவது அடிபட்டிருந்தா ஒரு கேஸ் ஆகியிருக்கும். போலீஸ் கேட்டிருக்கும், பதில் சொல்லியிருப்பேன். ஒண்ணுமே நடக்கல. நடக்காதத யார்கிட்ட போய்ச் சொல்றது? அதுக்கப்புறம் வேகம் கூடினா கை மரத்துப்போக ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட காட்டினேன், நரம்பு நல்லா இருக்குன்னுட்டாங்க. இப்ப ஓட்டாதப்பவும் மரத்துப்போகுது."

"பயிற்சியில முதல் மார்க் வாங்கியிருக்கீங்களே," என்றான் ரேடியோ.

"அங்க மைதானத்துக்குள்ளதான் ஓட்டணும். ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேல. அந்த வேகத்துல எனக்குக் கை இருக்கு."

படிக்கட்டில் அசைவு கேட்டது. அவர் மனைவி கடைசிப் படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"சூடு தெரியாம டம்ளரப் பிடிக்கிறார்னு எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள் சர்வேயரிடம். "ஏன்னு கேக்கல. கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயம். இந்த வேலையும் போச்சுன்னா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

டிரைவர் அவளைப் பார்த்தார். அவள் படியிலேயே உட்கார்ந்தாள்.

சர்வேயர் தன் போனை எடுத்து மேலாளரை அழைத்தார். "புகார் சொன்னவர் கிடைச்சுட்டார் மேடம். அவரே பேசுவார்," என்று சொல்லி நீட்டினார். டிரைவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். நழுவிவிடக்கூடாது என்று பயப்படுகிறவரைப்போல.

"நான்தான் மேடம் அன்னைக்குப் பேசினது. கார நான் ஓட்டல. அந்தப் படிவத்தக் கிழிச்சுடுங்க." மூச்சு விட்டார். "திங்கக்கிழமை பிள்ளைங்க பஸ் சாவிய வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. என் கைல கொடுக்காதீங்க."

பிறகு அந்த ஒரு நொடியைச் சொன்னார். இரண்டாவது தடவை சொல்லும்போது அது இன்னும் சின்னதாக இருந்தது. அந்த அம்மாள் சொன்னதை விட்டுவிட்டார்.

போன் சர்வேயரிடம் திரும்பி வந்தது.

"இப்ப நான் இவர என்ன சார் பண்றது?" என்றாள் மேலாளர்.

"உங்க பலகையில நிறையச் சாவி தொங்குது. அதெல்லாம் போற கைகள்ல எத்தனை பேர் இப்படி உங்களுக்கு போன் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. இவர் பண்ணுவார்னு தெரியும்."

"பொய்யா எழுதிக் கொடுத்ததும் இவர்தான்."

"ஆமா. அதையும் அறிக்கையில எழுதுவேன்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"பயணப்படி கிடையாது," என்றாள் கடைசியில். "திங்கக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. பஸ் எடுக்கிறதுக்கு இல்ல. பழுது பார்க்கிற கொட்டகையில வண்டிய உள்ள விட, வெளிய எடுக்க ஆள் வேணும். சம்பளம் கம்மி. மேல இருக்கிறவங்க ஒத்துக்கணும். ஒத்துக்குவாங்கன்னு நான் சொல்லல."

சர்வேயர் அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் டிரைவரிடம் சொன்னார். டிரைவர் தலையசைத்தார். படியில் இருந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாடிக்குப் போவாள் என்று ரேடியோ நினைத்தான். அவள் தூணுக்குப் பின்னால் கிடந்த வாளியை எடுத்துத் தொட்டிக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டாள்.

"கழுவலாமா சார்?" என்றார் டிரைவர். "இனிமே அது உங்களுக்கு வேணாமே?"

"வேணாம்."

டிரைவர் முதல் தடவையாக முழுக்கைப் பட்டன்களைக் கழற்றினார். கையை மடித்துவிட்டுத் துணியை வாளிக்குள் அமிழ்த்தினார். பின் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. றெக்கைகள் ஒவ்வொன்றாக இளகி, கறுப்பாக, பம்பர் வழியே தரைக்கு இறங்கின. ஒருவருடைய வேலையைப் பறித்திருக்கக்கூடிய தடயம் சாக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் மறுபடி துணியை முக்கினார். இந்த முறை கையை உடனே எடுக்கவில்லை. வாளிக்குள் பார்த்தபடி நின்றார்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"தொட்டித் தண்ணி," என்றார். "சில்லுனு இருக்கு."

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

வெளியே கார் வெயிலில் நின்றிருந்தது. ரேடியோ உள்ளே உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். பின் கதவுச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது முன் கதவுக்கு வெளியே அத்தான் நின்றிருந்தார். பிடியில் கை. வெயிலில் காய்ந்த இரும்பு சுட்டிருக்க வேண்டும்; கையை ஒரு தடவை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

கதவு திறந்தது. அவர் குனிந்து, உடம்பைக் குறுக்கி, உள்ளே வந்து உட்கார்ந்தார். முழங்கால்கள் இரண்டும் முன்பலகையில் இடித்துக்கொண்டு நின்றன.

ரேடியோ சாலையையே பார்த்தான்.

"லீவர் சீட்டுக்குக் கீழ இருக்கு அத்தான்."

"தெரியும்," என்றார் சர்வேயர்.

அவர் அதைத் தொடவில்லை. முழங்கால்களை மடக்கியபடியே இருந்தார். வீடு போய்ச் சேரும்வரை ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை.